தார் பூசிய ஞாயிறு

அருணோதயா அடுக்ககத்துக்கு ஆட்கள் குடிவந்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் சரியாக இரண்டு மணிக்கு, கீழ்த்தளத்துக் கார் நிறுத்துமிடத்தில் இரவு வந்தது. மின்தடை இல்லை, மழை மேகம் இல்லை, இராயப்பேட்டை முழுக்கச் சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ஆனால் கார்கள் இறங்கும் சரிவுப் பாதையின் நடுவில் சாக்பீஸால் கோடு கிழித்தாற்போல வெயில் நின்றுவிட, கோட்டுக்கு அந்தப் பக்கம் குளுகுளுவென்று நல்ல இருட்டாக ராத்திரி இருந்தது. மச்சான் மகள் நிச்சயதார்த்தத்துக்குக் காரை எடுக்கப் போன மூன்றாம் மாடி பஷீர் பாய் ஹெட்லைட்டைப் போட்டார், வெளிச்சம் பானெட்டைத் தாண்டவில்லை, சரி ராத்திரிதானே என்று சொல்லிக்கொண்டு ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் தரைக்கு அடியிலிருந்து டும் டும் டும் டும் என்று ஒரு சத்தம் கிளம்பியது, அது காதில் கேட்பதற்கு முன்னால் உள்ளங்காலில் கேட்டது, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றவர்களுக்கு முட்டிவலி குறைந்தது.

மின்வாரியத்தில் முப்பது வருஷம் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற சங்கச் செயலாளர் கோதண்டபாணி, எதையும் எழுதி ஒட்டினால்தான் அது நடந்ததாக ஒப்புக்கொள்கிற மனிதர். மறுநாளே லிஃப்ட் பக்கத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டினார். ‘ஞாயிறு பிற்பகல் 2 மணி முதல் மாலை 6 மணி வரை கீழ்த்தளத்தில் இரவு. வாகனம் தேவைப்படுவோர் முன்னதாக வெளியே எடுத்து வைத்துக்கொள்ளவும்.’ அவ்வளவுதான். யாரும் அதிசயப்படவில்லை, அதிசயப்பட யாருக்கு நேரமிருக்கிறது, பத்து நாளுக்கொரு தடவை தண்ணீர் லாரிக்கு அலைகிற ஊரில். நான்காம் மாடியில் இருந்த நர்ஸம்மா, நைட் ட்யூட்டி முடிந்து வந்து பகலில் புரண்டு புரண்டு படுக்கிறவள், பாயும் தலையணையுமாகக் கீழே இறங்கிப் போய் வருஷக்கணக்கில் தூங்காத தூக்கத்தையெல்லாம் தூங்கினாள். கைக்குழந்தைக்காரிகள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையாகப் போனார்கள், தாலாட்டு வேண்டியிருக்கவில்லை, தரையே ஆட்டிக்கொண்டிருந்தது. வாசலில் பூ விற்கிற கன்னியம்மா வெயிலுக்குப் பயந்து மல்லிகை மொட்டைக் கூடையோடு கீழே கொண்டுபோய் வைக்க, அது மூணு மணிக்கே விரிந்து தொலைத்தது, சாயங்காலத்துக்கு என்னத்த விக்கிறது என்று அவள் அந்த ராத்திரியை வாய்க்கு வந்தபடி திட்டினாள். நோன்பு மாதம் வந்தால் கீழே போய் இரண்டு மணிக்கே நோன்பு திறக்கலாமா என்று பஷீர் பாய் வேடிக்கையாகப் பள்ளிவாசலில் கேட்டு வைக்க, ஹஜ்ரத் சிரித்தபடி, “வானத்தப் பாத்துத் தொறக்கணும் பாய், கார் பார்க்கிங்கப் பாத்து இல்ல” என்று சொல்லியனுப்பினார்.

ஒன்று மட்டும்தான் கொஞ்சம் சங்கடம். நாலே முக்கால் மணிக்கு யாரோ இரும்பு ஷட்டரை உடைப்பதுபோலப் படார் படாரென்று சத்தம் வரும், டும் டும் நின்றுபோகும், இருட்டுக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல் அதிகாரமாகக் கேட்கும்: “இது என்னன்னு உங்கள்ல யாருக்காச்சும் தெரியுமா?” அப்புறம் ஒரு மௌனம் வரும், நிறையப் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மௌனம். முதல் இரண்டு வாரம் பயந்த அடுக்ககத்துப் பிள்ளைகள் மூன்றாவது வாரத்திலிருந்து அந்த மௌனத்துக்காகவே காத்திருந்து, “பார்க்கிங் சார்!” என்று கத்திவிட்டுச் சிரித்துக்கொண்டே மேலே ஓடிவந்தார்கள்.

இரண்டாம் மாடி வசுமதிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் அவளுக்குத் தெரியும். இருபத்தொரு வருஷமாகத் தெரியும்.

பக்கத்து மகளிர் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை அவள், கணவர் கப்பல் வேலையில் வருஷத்தில் எட்டு மாதம் கடலில் இருக்கிறவர். இந்த இடத்தில் ஏன் வீடு வாங்கினாய் என்று கேட்டவர்களிடமெல்லாம் பள்ளிக்கூடம் பக்கம் என்று சொன்னாள், அது பொய். முதல் ஞாயிறு உள்ளங்காலில் சத்தம் கேட்டதும் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள், நிமிடத்துக்கு நூற்றிருபத்து நான்கு. போய்க் கதவைத் தாழ் போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். கால் மட்டும் தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

அடுக்ககம் எழும்புவதற்கு முன்னால் அங்கே ஓர் அச்சகம் இருந்தது, அதன் அடியில் காகிதக் கிடங்கு இருந்தது, அந்தக் கிடங்கில் ஞாயிறுதோறும் ‘ஹவுஸ்’ நடந்தது. ஹவுஸ் என்றால் ஒருவகை ஆட்ட இசை, பாட்டில் வார்த்தை அநேகமாக இருக்காது, இருந்தால் ஒரே வரி இருக்கும், அந்த ஒரு வரி நூறு தடவை வந்தாலும் நூற்றியோராவது தடவைக்கு உடம்பு காத்திருக்கும். அந்தக் காலத்துச் சென்னையில் இரவு எல்லோருக்கும் கிடைக்காது. கார் இருந்தவர்களுக்குக் கிடைத்தது, ஷூவைப் பார்த்து உள்ளே விடுகிற பெரிய ஹோட்டலில் ஜோடியாக நுழைய முடிந்தவர்களுக்குக் கிடைத்தது. ஆறரை மணிக்குள் வீடு திரும்ப வேண்டிய பெண்களுக்கும், மருந்துக்கடையில் வேலை பார்த்த பையன்களுக்கும், புதுப்பேட்டை டெய்லர்களுக்கும், இங்கிலீஷ் தடுமாறுகிற முதல் தலைமுறைக் கல்லூரிக்காரர்களுக்கும் ராத்திரி என்றால் படுத்துத் தூங்கு என்று அர்த்தம். ஆகவே அவர்கள் தங்கள் ராத்திரியைத் தாங்களே செய்துகொண்டார்கள், ஞாயிறு மத்தியானம் இரண்டிலிருந்து ஆறுவரை. அம்மா எங்கே போகிறாய் என்று கேட்டால் ஹவுஸுக்கு என்பாள் வசுமதி. எந்த ஹவுஸ் என்றால், ஃப்ரெண்டு ஹவுஸுதாம்மா, குரூப் ஸ்டடி.

அந்த ராத்திரியைச் செய்தவன் மரியதாஸ். காசிமேட்டுக்காரன், சவுண்ட் சர்வீஸில் வேலை, சனிக்கிழமை வரை மாதா கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் பாடிய பெட்டி ஸ்பீக்கர்களை ஞாயிறு காலையில் மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவான். லண்டன் மாமாவிடமிருந்து இசைத்தட்டுகள் வரவழைத்துக்கொண்டு வந்த ஸ்ரீவத்ஸன், எல்லோருக்கும் வாட்ஸ், முதல் தட்டைச் சுழலவிட்டபோது மரியதாஸ் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “இது எங்க லாஞ்சு இன்ஜின் மாறி கீது, கரை வர்ற வரிக்கும் நிக்காது” என்றான். அதைவிடச் சரியாக அந்த இசையைப் பற்றி இன்றுவரை யாரும் சொன்னதில்லை.

கிடங்கில் நடைபாதை மட்டத்தில் பத்தொன்பது ஜன்னல்கள், போகிறவர் வருகிறவர் கால்கள் தெரியும். ரோடு போடுகிறவர்கள் விட்டுப்போன தாரைக் கட்டி கட்டியாகப் பொறுக்கி ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருப்பான் மரியதாஸ், ஸ்டவ்வில் வைத்து உருக்கிப் பழைய செய்தித்தாளில் பூசி ஜன்னல் ஜன்னலாக ஒட்டுவான். திங்கட்கிழமை அச்சக வேலைக்கு வெளிச்சம் வேண்டும் என்பதால் எல்லாவற்றையும் பிய்த்துவிடுவார்கள், அடுத்த ஞாயிறு மறுபடி முதலிலிருந்து. பத்தொன்பதாவது ஜன்னல் மூடியதும், இருட்டுக்குள்ளிருந்து “விடிஞ்சாச்சா?” என்று கேட்பான், இருநூறு பேரும் ஒரே தொண்டையாக “இன்னும் இல்ல!” என்பார்கள், இசை தொடங்கும். ஆறு மணிக்கு மேற்குப் பக்கத்துத் தாளை ஒரே இழுப்பில் கிழித்து, “விடிஞ்சிடுச்சு. வீட்டுக்குப் போங்க” என்பான். அவன் சொல்லாமல் ஒருவரும் கிளம்பியதில்லை. உள்ளே யார் மகள், எந்தத் தெரு, எத்தனை மார்க் என்று கேட்க ஆளில்லை, கை பட்டால் சாரி சொல்லிவிட்டு ஆடுவார்கள், அத்தனை மரியாதையான ராத்திரி அது. குடித்ததெல்லாம் பன்னீர் சோடா.

இரண்டாயிரத்து மூன்று ஆகஸ்ட் இருபத்து நான்கு, ஆவணி மாதத்து ஞாயிறு, நாலே முக்கால் மணிக்கு ஷட்டரை உடைத்துக்கொண்டு போலீஸ் வந்தது.

“என்னடா நடக்குது இங்க?” என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

“ஹவுஸ் சார்” என்றான் மரியதாஸ், உள்ளதை உள்ளபடி.

“ஹவுஸ் நடத்துறியா? இத்தினி பொண்ணுங்கள வெச்சு?”

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது முதல் அடிக்கு. அடுத்து டார்ச் வெளிச்சத்தில் பிஸ்கட் டின் அகப்பட்டது, உள்ளே மூன்று கரிய உருண்டைகள். தார் சார் என்றான். “இங்க என்ன ரோடா போடுற?” என்று இரண்டாவது அடி. பிறகு அவர் உருண்டையைத் தூக்கிப் பிடித்து, இருநூறு பேரையும் பார்த்துக் கேட்டார், “இது என்னன்னு உங்கள்ல யாருக்காச்சும் தெரியுமா?”

இருநூறு பேருக்கும் தெரியும். வாராவாரம் அந்த வாடையில்தான் ஆடினார்கள், அந்தக் கறை படாத சட்டை அவர்களில் ஒருவரிடமும் கிடையாது. ஆனால் எல்லோரும் அதற்குள், இன்றைக்குத்தான் முதல் தடவை வந்தோம் என்று சொல்லியாயிற்று, முதல் தடவை வந்தவருக்கு அது தார் என்று எப்படித் தெரியும்? இரண்டே எழுத்து, ஒரு வாய்கூடத் திறக்கவில்லை. முன்வரிசையில், இன்ஸ்பெக்டரின் கைக்கு நேர் எதிரில், வசுமதி நின்றாள். வகுப்பில் பதில் தெரிந்தால் முதலில் கை தூக்குகிறவள்.

ஸ்டேஷனுக்கு அப்பாமார்கள் வந்தார்கள், எங்கெங்கிருந்தோ போன்கள் வந்தன, வாட்ஸுக்கு வந்த போன் ரொம்ப உயரத்திலிருந்து வந்தது. ‘தோழி வீட்டுக்குப் படிக்கச் சென்றேன், வழி தவறி அங்கே நுழைந்துவிட்டேன், அங்கிருந்த பொருள் என்னவென்று எனக்குத் தெரியாது’ என்று எழுதியிருந்த தாளில் வசுமதி அழகாகக் கையெழுத்துப் போட்டாள். போன் வராத ஒரே ஆள் மரியதாஸ். ‘அபின் உருண்டைகளுடன் மைக் செட் ஆசாமி கைது’ என்று மறுநாள் செய்தி வந்தது. ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு வரி வருவதற்குப் பதினோரு மாதம் ஆனது: ‘நிலக்கீல், சாலை அமைக்கப் பயன்படுவது.’ அந்த வரியை எந்தச் செய்தித்தாளும் போடவில்லை. இடையில் அவனுடைய இடது மணிக்கட்டு உடைந்திருந்தது, வழுக்கி விழுந்தார் என்று பதிவேட்டில் இருந்தது. நினைத்தால் வயிறு எரிகிறது, எரியட்டும், எரிய வேண்டிய விஷயத்துக்கு எரியாத வயிறு எதற்கு.

ஆக, அந்த ஞாயிறு முடியவே இல்லை. விடிந்துவிட்டது என்று சொல்ல வேண்டியவனை நாலே முக்காலுக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள், அவனைத் தவிர வேறு யார் சொன்னாலும் அதற்குக் காது கிடையாது, ராத்திரி என்ன செய்யும்? மண்ணுக்கு அடியில் காத்திருந்தது, கட்டடத்தை இடித்தார்கள், காத்திருந்தது, புதுக் கான்கிரீட் போட்டார்கள், அது காய்ந்து, ஆட்கள் குடிவந்து, நல்ல வெயில் காலமாகப் பார்த்து எழுந்து வந்தது. இதெல்லாம் வசுமதிக்குத் தெரியும், சங்கக் கூட்டத்தில் வாயைத் திறக்கவில்லை, இது அவளுடைய இரண்டாவது மௌனம்.

விடியாத ராத்திரி வளரும். ஆனி பிறந்தபோது ஆறு மணிக்குப் போக வேண்டியது ஒன்பதுக்குப் போனது, பிறகு திங்கள் காலைக்கு, ஆடியில் புதன்கிழமைவரை உட்கார்ந்துகொண்டது. கோதண்டபாணி அறிவிப்பில் நேரத்தை அடித்து அடித்துத் திருத்தினார். கார்க்காரர்கள் தெருவில் நிறுத்தித் தெருக்காரர்களிடம் ஏச்சு வாங்கினார்கள், இருட்டு படியேறி வந்த முதல் மாடியில் குழம்பு கொதிப்பது கண்ணுக்குத் தெரியாமல் அடிப்பிடித்தது, ஹோமம் வளர்க்க வந்த சாஸ்திரிகள் தீப்பெட்டியைத் தேடித் தேடியே நேரம் போய்த் திரும்பினார். அப்போதுதான் வாட்ஸ் வந்தான்.

நரைத்த முடியைக் கொண்டை போட்டுக்கொண்டு, நிகழ்ச்சி நடத்துகிற கம்பெனிக்கு முதலாளியாக, கோதண்டபாணி எதிரில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, “சார், இந்த இருட்ட எங்ககிட்ட விடுங்க” என்றான். ஞாயிறுகளில் டிக்கெட் போட்டு ‘மெட்ராஸ் ராத்திரி’ நடத்துவார்களாம், பழைய நாட்கள் திரும்பி வருமாம், லிஃப்ட் பழுதுபார்க்கும் செலவு சங்கத்துக்கு மிச்சமாம். சங்கம் கையைத் தட்டியது. ஒரு வாரத்தில் முகப்பு மண்டபத்தில் ஆளுயரப் பலகை நின்றது, மேலே மங்கலான புகைப்படங்கள், நடுவில் ‘சென்னையில் இரவைக் கண்டுபிடித்த எழுவர்’ என்று ஏழு பெயர்கள், ஏழும் அன்றைக்கு முதல் ஜீப்பிலேயே வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெயர்கள். கடைசி வரியை வசுமதி பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே மூன்று தடவை படித்தாள். ‘2003-இல் ஒலியமைப்பு உதவியாளர் ஒருவரிடம் போதைப்பொருள் பிடிபட்டதைத் தொடர்ந்து இந்த இயக்கம் முடிவுக்கு வந்தது.’ உதவியாளர். பெயர்கூட இல்லை.

“வாட்ஸ், அது தார்.”

“எனக்குத் தெரியாதா வசு?” அவன் பலகையின் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“தெரியும்ல? அப்புறம் ஏன் இப்படி எழுதியிருக்க?”

“பழைய பேப்பர் கட்டிங் பாத்து பசங்க எழுதினாங்க. கதைக்கு ஒரு முடிவு வேணும்ல. தாரால முடிஞ்சுதுன்னா எவன் நம்புவான்? போதைன்னா ஒரு கெத்து இருக்கு.”

“அவர் பதினோரு மாசம் ஜெயில்ல இருந்தார். அது உனக்கு கெத்தா?”

“சரி, மாத்தறேன்னே வை. அப்போ ஏன் சொல்லலன்னு கேப்பாங்க. நீ என்ன சொல்லுவ? நீயும்தான் கையெழுத்துப் போட்ட.” சிரித்தபடிதான் சொன்னான். “விடு வசு. ஃப்ரீ பாஸ் ரெண்டு வெச்சிருக்கேன் உனக்கு.”

கையிலிருந்த பால் பாக்கெட் அவன் முகத்தில் வெடித்திருக்க வேண்டும், வெடிக்கவில்லை, டீச்சராகப் பதினைந்து வருஷம் இருந்ததன் பலன். படியேறத் தொடங்கினாள். அவன்மேல் வந்த கோபம் ஒவ்வொரு படிக்கும் திரும்பித் திரும்பித் தன்மேலேயே விழ, வீட்டுக்குப் போகாமல் அப்படியே இறங்கி, பால் பாக்கெட்டைக் கன்னியம்மா கையில் திணித்துவிட்டு, காசிமேட்டுக்கு ஷேர் ஆட்டோ ஏறினாள்.

மாதா கோயில் பின்பக்கம் ஸ்பீக்கர் ரிப்பேர் கடை, கடை என்பது ஒரு மேசையும் ஒரு தகரமும். மரியதாஸ் கிழிந்த காகிதக் கூம்பு ஒன்றுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தான், மணிக்கட்டு கோணலாக நின்றதால் இடது கையைப் பேப்பர்வெயிட்போல வைத்து அழுத்தி வலது கையால் வேலை செய்தான்.

“தாஸண்ணா. நான் வசுமதி. அச்சாபீஸ் கிடங்கு, ஞாயித்துக்கிழமை...”

“தெரிது. மொத வரிசை.” நிமிரவில்லை. “குந்து. என் ராத்திரி அங்கயே குந்திகினு கீதாமே, பேப்பர்ல பாத்தேன்.”

“மன்னிச்சிடுங்கண்ணா.”

“எதுக்கு?”

அவள் மேசை விளிம்பில் காய்ந்திருந்த பசையை நகத்தால் சுரண்டினாள்.

“எதுக்குன்னு சொல்லும்மா. பொத்தாம் பொதுவா மன்னிப்புன்னு கொண்டாந்து குட்த்தா நான் அத்த எங்க வெச்சிக்கிறது?” பசை டப்பாவை மூடினான். “பதினோரு மாசம் ஒரு வார்த்தைக்கோசரம் உள்ள குந்திகினு இருந்தேன். ரெண்டு எழுத்து. எங்கம்மா அந்த ரெண்டு எழுத்து வர்ற வரிக்கும் உசுரோட இல்ல.”

கடல் பக்கம் ஒரு லாஞ்சு கிளம்பிப் போனது.

“ஞாயித்துக்கிழமை வாங்கண்ணா. நீங்க சொன்னாதான் அது விடியும்.”

“விடியலன்னா யாருக்குக் கஷ்டம்? கார் வெச்சிக்கிறவனுக்கு. எனக்கு மட்டும் இருவத்தோரு வருசமா விடிஞ்சா கெடக்குது?” இப்போதுதான் முகத்தைப் பார்த்தான், கண் சிவந்திருந்தது. “விடியவெக்கிறது என் வேலையில்ல. போ.”

வசுமதி எழுந்தாள். “விடியவைக்கக் கூப்பிடல. நான் பேசப் போறேன். அதக் கேக்க மட்டும் வாங்க.”

அவன் மறுபடி கூம்பைக் கையிலெடுத்தான். “இங்கேர்ந்து ரெண்டு பஸ் மாறணும்” என்றான், அது வருவதாகவும் இருந்தது வராததாகவும் இருந்தது.

ஞாயிறு மத்தியானம் ஒன்றரைக்கே தெரு நிரம்பிவிட்டது. கையில் பட்டை கட்டிய இளசுகள், நிகழ்ச்சிக்காகவே அச்சடித்த பனியன்கள், பனியன் முதுகில் எழுத்து: ‘பார்க்கிங் சார்!’ வசுமதி வாசலிலேயே நின்று அந்த முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய ஆட்களும் முப்பது நாற்பது பேர் பாஸ் வாங்கி வந்திருந்தார்கள், தொப்பையும் மூக்குக்கண்ணாடியுமாக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், வாசலில் அவளைத் தாண்டிப் போனார்கள். சரிவுப் பாதையின் கோட்டைத் தாண்டியதும் தார் வாடை அடித்தது. வாட்ஸின் விளக்குகள் எதுவும் எரியவில்லை, அதையும் ஒரு சிறப்பம்சம் என்று விற்றிருந்தான். இரண்டு மணிக்கு மேடையிலிருந்து அவன் கத்தினான், “விடிஞ்சாச்சா?” பலகையில் படித்து வைத்திருந்த கூட்டம் “இன்னும் இல்ல!” என்றது. அவனுடைய விலையுயர்ந்த ஸ்பீக்கர்கள் ஒரு தாளம் அடித்தன, தரை வேறொரு தாளம் அடித்தது, இரண்டுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி, ஆடியவர்கள் கால் கடைசிவரை எதிலும் பொருந்தவில்லை.

நாலே முக்கால் ஆனது. ஷட்டர் படார் படாரென்றது. தரை நின்றது, வாட்ஸின் ஸ்பீக்கர்களும் தாமாகவே அணைந்தன.

“இது என்னன்னு உங்கள்ல யாருக்காச்சும் தெரியுமா?”

“பார்க்கிங் சார்!” என்று ஐந்நூறு குரல் எழுந்து, சிரிப்பு அலையலையாக அடித்தது. வசுமதி சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள், வகுப்பில் காத்திருக்கிறாற்போல. பிறகு பின்பெஞ்சு வரைக்கும் கேட்கிற டீச்சர் குரலில் சொன்னாள்.

“தார்.”

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்தினார்கள்.

“அது தார். ஜன்னலுக்குப் பூசுற தார். எனக்கு அன்னிக்கே தெரியும். நான் முதல் தடவை வரல, நாப்பத்திரண்டு ஞாயிறு வந்திருக்கேன், தாஸண்ணா உருக்கும்போது பேப்பர் பிடிச்சுக் குடுத்திருக்கேன், என் துப்பட்டாவுல கறை இருந்துது, அன்னிக்கு அதையும் மடிச்சு மறைச்சுக்கிட்டேன். தெரியாதுன்னு கையெழுத்துப் போட்டது பொய். நான் வீட்டுக்குப் போனேன், அவர் ஜெயிலுக்குப் போனார். மரியதாஸ். அந்த ராத்திரிய செஞ்சவர் பேரு மரியதாஸ். உதவியாளர் இல்ல.”

இருட்டில் ஒரு விம்மல் கேட்டது. அதன் பக்கத்திலிருந்து ஓர் ஆண் குரல், ஐம்பது வயதுக் குரல், “தார் சார்” என்றது. இன்னொரு மூலையிலிருந்து ஒரு பெண், “தார்.” பிறகு இங்கொன்றும் அங்கொன்றுமாக, தயங்கியும் தழுதழுத்தும், “தார்”, “தார் சார்”, “எனக்கும் தெரியும்”, முப்பது நாற்பது குரல். மேடைப் பக்கமிருந்து மட்டும் அந்தச் சொல் வரவில்லை. “லைட்டு, யாராச்சும் லைட்டப் போடுங்கடா” என்று வாட்ஸ் சொல்லிக்கொண்டே இருந்தான்.

இருட்டு பெரிதாக ஒரு மூச்சு விட்டது, எல்லோர் கழுத்திலும் பட்டது. அதிகாரக் குரல் இன்னொரு தடவை கேட்கவில்லை.

அப்போது சரிவுப் பாதைப் பக்கமிருந்து, இரைக்க இரைக்க, ரெண்டு பஸ் மாறி வந்த குரல் ஒன்று கேட்டது.

“விடிஞ்சாச்சா?”

பதில் சொல்ல யாருக்கு முகம் இருந்தது. கடைசியில் வசுமதிதான் சொன்னாள்.

“இன்னும் இல்ல, தாஸண்ணா. நம்ம ராத்திரியில இன்னும் ஒண்ணேகால் மணி நேரம் இருக்கு.”

திரும்பிப் போய்விட்டான் என்றே அவள் நினைத்தாள். பிறகு அவன், “அப்ப ஆடுங்க, இன்னாத்துக்கு நின்னுகினு கீறீங்க” என்றான், தரை டும் என்றது. அந்த ஒண்ணேகால் மணி நேரம் முட்டிவலிக்காரர்கள் ஆடினார்கள், நர்ஸம்மா தூக்கக் கலக்கத்தில் ஆடினாள், பஷீர் பாய் கார் கதவைப் பிடித்துக்கொண்டு ஆடினார், பனியன் போட்ட பிள்ளைகள் பனியனைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஆடினார்கள், கை பட்டால் சாரி சொன்னார்கள். மரியதாஸ் ஆடவில்லை. கோணல் மணிக்கட்டை மறு கையால் பிடித்தபடி தூணில் சாய்ந்து நின்றான், பக்கத்தில் நின்ற வசுமதிக்கு அவன் அழுகிறானா திட்டுகிறானா என்று தெரியவில்லை, இரண்டும்தான் என்று பட்டது.

ஆறு மணிக்குச் சொன்னான்.

“விடிஞ்சிடுச்சு. வீட்டுக்குப் போங்க.”

ஜன்னலே இல்லாத மேற்குச் சுவரிலிருந்து, தாளைக் கிழித்தாற்போல, சாயங்கால வெயில் சதுரமாக விழுந்தது. இருட்டு போயிற்று, மறு ஞாயிறும் வரவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. கூட்டம் கலைவதற்குள் யாரோ பலகையைப் பிடுங்கிக் கொண்டுபோயிருந்தார்கள், பஷீர் பாய் காரின் டிக்கியில் அது கிடந்ததாகப் பேச்சு. கன்னியம்மாவின் மொட்டு மறுபடி வேளை பார்த்துப் பூத்தது. மிஞ்சியது ஒன்றுதான், கீழ்த்தளத்துப் புதுச் சுவரில் பத்தொன்பது கறுப்புச் சதுரங்கள். இரண்டு தடவை பெயின்ட் அடித்தார்கள், இரண்டு தடவையும் கறை மேலே வந்தது. ஐந்தாம் மாடிக்காரர் ஒருவர், அது ஏதாவது போதை வஸ்துவாக இருந்தால் சங்கத்துக்குக் கெட்ட பெயர் வருமே என்று எழுத்துமூலம் கவலை தெரிவித்தார்.

கோதண்டபாணி வழக்கம்போல் ஓர் அறிவிப்பு தயாரித்தார். ‘சுவரில் காணப்படும் பொருள் குறித்து உரிய ஆய்வு மேற்கொள்ளப்படும்.’ லிஃப்டுக்குக் காத்திருந்த வசுமதி அதைப் படித்துவிட்டு, ஒட்டிய பசை காய்வதற்குள் கிழித்தாள்.

“என்ன ஆய்வு சார்? பதினோரு மாசம் பண்ணப் போறீங்களா? பேனா குடுங்க.”

அவள் சொல்லச் சொல்ல அவரே எழுதினார். ‘கீழ்த்தளச் சுவரில் இருப்பது தார். இதைப் பூசியவர் காசிமேடு மரியதாஸ்.’ அதற்கு அடியில் அவள் தன் முழுப் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் 24-8-2003 என்று தேதியும் போட்டாள்.

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார் கோதண்டபாணி. “தேதி தப்பா இருக்கே மேடம்.”

“தேதி சரிதான் சார்” என்றாள் வசுமதி. “கையெழுத்துதான் லேட்டு.”